இரண்டு மணிக் கட்டம்

கதவு திறந்துதான் கிடக்கிறது.
ஆனாலும் தட்டுகிறேன்.
எழுந்து வந்து தாழ்ப்பாள் போட முடியாதவர் என்பதால்
அது அவருடைய வாசல் இல்லையென்று ஆகிவிடுமா?

"தோன் ஸ்வோனிமிர், நான் எர்மெலிந்தா.
உங்களைத் திருப்பப் போகிறேன்."

புன்தா அரேனாஸில் இந்த மாதம் காற்று
ஆளைத் தூக்கி அடுத்த தெருவில் வைத்துவிடும்.
பிடித்து நடக்க வீதியோரம் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்துத்தான் இரவுப் பணிக்கு வந்தேன்.
வழியில் ரொட்டிக் கடைக்காரி கேட்டாள்:
"ஏழாம் அறையில் மத்துலிச் கிழவராமே, எப்படி இருக்கிறார்?"
இன்று காற்று கொஞ்சம் அதிகம் என்றேன்.
"அவரைக் கேட்டேன்" என்றாள்.
ஆமாம், நாளைக்கும் அடிக்குமாம் என்றேன்.

வெந்நீரை மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து
முதலில் முகம். கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே,
ஒரு கண்ணுக்குத் துணியின் ஒரு முனை.
ஒரு கை வெளியே வரும்போது
மிச்ச உடம்பு முழுக்கப் போர்வைக்குள்.
திரையை இழுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அவர் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடு, சொல்லும்போது இருநூறு.
"முழங்காலால் அணைத்துப் புரட்டணும்,
பாதியில் கைமாறினால் மிரளும்" என்கிறார்.
நான் மிரட்டினேனா என்றால்
"ம்மே" என்கிறார்.

வலிக்கு இன்னொரு மாத்திரை கேட்டார்.
கொடுப்பது என் கையில் இல்லை;
கேட்டார் என்று செவிலியரிடம் போய்ச் சொல்வது என் கையில்.
எத்தனை நாள் தாங்குவேன் என்று கேட்டார்.
அதுவும் என் கையில் இல்லை.
டாக்டரிடம் கேளுங்கள் என்றேன், நாற்காலியை இழுத்துப் போட்டு
கொஞ்சம் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணி: இடப்பக்கம். கையெழுத்து.

ஒன்று நாற்பதுக்குத் துணி அறையில்
ஒரு வாய் மாத்தே குடிக்கலாமென்று உட்கார்ந்தேன்.
வலது செருப்பை மட்டும் கழற்றினேன்.
தகரக் கூரையில் காற்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
கண் விழித்தபோது மூன்று பத்து.
மாத்தே ஆறிக் கிடந்தது.

யாரும் பார்க்கவில்லை.
படிவத்தில் இரண்டு மணிக் கட்டம் வெள்ளையாக இருக்கிறது.
ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் எ.பா. என்று இரண்டெழுத்து,
மற்றக் கோடுகளோடு அதுவும் கலந்துவிடும்.
பேனா மூடியைத் திறந்தேன் என்பதையும்
இங்கே சொல்லிவிடுகிறேன்.
மூடிவிட்டு ஓடினேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. தட்டினேன்.
அவர் விழித்திருந்தார்.
"மணி என்ன?"
"மூன்றேகால். நான் தூங்கிவிட்டேன்."
"தெரியும். எண்ணிக்கொண்டு கிடந்தேன்" என்றார்.
"மணியடித்திருக்கலாமே..."
சொல்லி முடிக்கும் முன்பே பார்த்துவிட்டேன்:
அழைப்பு மணி தலையணைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.
பன்னிரண்டு மணிக்கு அங்கே கடைசியாகக் கை வைத்தது நான்.

இடது குதிகால். வெளிப்புறம். நாணய அளவு சிவப்பு.
விரலால் அழுத்தி எடுத்தேன்.
வெளுத்துவிட்டுச் சிவக்க வேண்டும்.
வெளுக்கவில்லை.

எழுதினேன்:
இரண்டு மணி, திருப்பவில்லை. தூங்கிவிட்டேன்.
மூன்று பதினைந்து, வலப்பக்கம்.
இடது குதிகாலில் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை.
அழைப்பு மணி கைக்கு எட்டாமல் இருந்தது.
செவிலியர் வுகாசோவிச்சை எழுப்பிச் சொன்னேன்.
கட்டத்தில் இடம் போதவில்லை.
ஓரத்தில் ஏறி, வளைந்து, எழுத்து மார்ஜினில் போய் முடிந்தது.

அவர் வந்தார். குதிகாலைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.
"காலையில் பேசுவோம்" என்றார்.
குதிகால் படுக்கையைத் தொடாதபடி
கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தோம், இரண்டு பேருமாக.
காலையில் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

மணியின் வயரைப் போர்வையில் ஊக்கு மாட்டி
அவர் விரல்களை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினேன்.

ஐந்து மணி: இடப்பக்கம் வேண்டாமென்று உத்தரவு. மல்லாந்து. கையெழுத்து.

ஐந்து ஐம்பதுக்கு ஏழாம் அறை விளக்கு எரிந்தது.
காரிடார் முழுக்க ஓடினேன்,
திறந்த கதவைத் தட்டினேன்.

"ஒன்றுமில்லை" என்றார் தோன் ஸ்வோனிமிர்.
"வேலை செய்கிறதா என்று பார்த்தேன்."